நூல்கிடங்கு வீதியின் இடது கால்

நூல்கிடங்கு வீதி மொத்தமும் என் வீட்டுக்காரர் மாதிரி காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்த அந்த ஐப்பசி மாதத்தில் மழை நேரத்துக்குப் பெய்தது, பனியன் கம்பெனிகளில் இரண்டு ஷிப்டும் ஓடியது, மாரியம்மன் கோயில் மைக் செட் எப்போதும் போலக் கரகரத்தது, ஆகையால் உலகம் கெட்டுவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை; கால்தான் கெட்டது, அதுவும் ஒன்றுதான், அதுவும் கிழக்கே போகும்போது இடது, மேற்கே திரும்பினால் வலது.

சரக்கின் ஓட்டையைக் கடைசியில் காட்டுகிறவன் வியாபாரியே இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த நடை என் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

நான் செகண்ட்ஸ் பனியன் வாங்கி விற்கிறவள். தையல் பிசகியது, காலர் கோணியது, சாயம் திட்டுத்திட்டாய் ஏறியது என்று ஏற்றுமதிக் கம்பெனிகள் கழித்துப் போடுவதை லாட்டு லாட்டாகப் பேரம் பேசி எடுப்பேன். பேரத்தில் எனக்கு ஒரே ஒரு விதி உண்டு. படியவில்லையென்றால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தவன் தோற்றவன். இந்த ஊரில் எத்தனையோ மேனேஜர்கள் இந்த வசந்தாமணியின் முதுகைப் பார்த்தே விலையைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனியை இழுத்து மூடும்போது கடைசி லாட்டை எடுத்தேன், அவர்கள் டிசைன் ரூமில் கிடந்த கம்ப்யூட்டரைக் கொசுறாகக் கேட்டேன்.

"அது மிசினுங்க, துணியில்லீங்க" என்றான் மேனேஜர்.

"கறிவேப்பிலையுந்தான் காயில்ல. கேட்டா போடறதில்லையா?"

அவனே ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

வீட்டுக்காரர் பெயர் திருமூர்த்தி. குட்டி யானை சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். கிடங்கில் அடுக்கியிருந்த துணி பேல் சரிந்து இடது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் பின்தங்கி வந்தது. அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். "தெருவுல எறங்குனா அத்தன கண்ணும் மூஞ்சிக்கு வராம காலுக்குப் போகுது புள்ள" என்று ஒருமுறை சொன்னார், அதற்கப்புறம் அதையும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தார், அலுத்தால் சன்னலோரம் உட்கார்ந்தார், மற்ற நேரமெல்லாம் போனில் எந்த ஊரிலோ எந்தப் பொம்மையோ ஓடித் தாவுவதற்கு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிந்தது. "ஊர் பேர் தெரியாத பொம்மை ஓடறதுக்கு நீங்க எதுக்கு மாமா வேர்க்கறீங்க, நம்ம தெருவுல ஓடுனாலாவது ஒரு நாயம்" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்போதே தோன்றிவிட்டது, நம் தெருவிலேயே ஓடவிட்டால் என்ன?

கம்ப்யூட்டர் கேம் செய்வது எப்படி என்று எவனோ ஒரு பையன் தமிழில் பேசிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புரியாத இடத்தில் அவனைத் திட்டினேன், திட்டத் திட்டப் புரிந்தது. பொம்மை என்பது சின்னச் சின்னச் சதுரம், பனியனில் பூ போடுவதற்கு டிசைன்காரர்கள் கட்டம் கட்டமாய் நிரப்புவார்களே அதேதான். பொம்மை நடக்க வேண்டுமென்றால் நாலு படம் வேண்டும்: ஒரு கால் முன்னே, இரண்டும் சேர்ந்து, மற்ற கால் முன்னே, மறுபடி சேர்ந்து. நாலையும் மாற்றி மாற்றிக் காட்டினால் கண் தானாகவே நடக்க வைத்துக்கொள்ளும். நிறம் இருக்கிறதே, அது சதுரத்தில் இல்லை. சதுரத்தில் இருப்பது எண். எண் என்பது சாயப்பட்டறைத் தொட்டி மாதிரி. மூன்றாம் தொட்டியில் பச்சையை ஊற்றினால் மூன்று போட்ட சதுரமெல்லாம் பச்சை, சிவப்பை ஊற்றினால் அத்தனையும் சிவப்பு. எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அவரை வரைந்தேன். பழைய நடையைத்தான் வரையப் பார்த்தேன், நிமிர்ந்து வீசி நடப்பாரே அது. வரைந்து ஓடவிட்டால் யாரோ அளவெடுக்க வந்த சர்வேயர் மாதிரி இருந்தது. "இது யாரு புள்ள?" என்று அவரே கேட்டார். அழித்தேன். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு அவர் போகும்போது பார்த்து வரைந்தேன், மூன்றாவது படத்தில் இடது கால் முன்னே வராமல் பாதியிலேயே நின்று தரையைத் தேய்த்தது. ஓடவிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை யாரென்று கேட்கவில்லை.

அப்புறம் தெருவுக்கு ஆள் வேண்டுமே. ஆளுக்கு நாலு படம் வரைய எனக்கென்ன பைத்தியமா? எங்கள் தொழிலில் ஒரே பாடி, பத்துக் கலர். அளவும் ஊசியும் தையலும் ஒன்றுதான், தொட்டிதான் வேறு. திருமூர்த்தியின் நாலு படத்தையே எடுத்து, லுங்கித் தொட்டியில் பச்சை ஊற்றினேன், டீக்கடை நாச்சிமுத்து வந்துவிட்டான். கன்னத்துச் சதுரங்களுக்கு நரை ஊற்றினேன், சாயப்பட்டறை மாஸ்டர் அன்வர் பாய். லுங்கியைக் கணுக்கால் வரை நீட்டிச் சேலையாக்கி ஊதா ஊற்றினேன், செக்கிங் வேலைக்குப் போகும் ஜெயக்கொடி. கண்ணுக்கு இரண்டு கறுப்புச் சதுரம் வைத்தேன், பெட்டிக்கடை கந்தவேல். இன்னொரு சேலைக்கு அரக்கு ஊற்றினேன், அது நான். ஏட்டின் காக்கிக்கும் மாட்டின் செவலைக்கும் சிக்கனமாக ஒரே தொட்டியை வைத்ததில் மாட்டை வெள்ளையாக்கியபோது ஏட்டும் வெள்ளையாகிவிட்டார்; நல்லவேளை நிறம் திரைக்கு வெளியே வரவில்லை, வந்திருந்தாலும் சாயம் தெருவில் ஓடுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கிழக்கே போகும் படத்தை மட்டும் வரைந்து, மேற்கே போவதற்கு அதையே பனியனைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டேன், அதனால் போகும்போது இடது கால் தேய்ந்தது, வரும்போது வலது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடித்து, சேமித்து, வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தெரு அப்படி நடந்தது.

முதல் நாள் எல்லோரும் மழைக்கால வாயு என்றார்கள், இரண்டாம் நாள் புதுச் செருப்பு என்றார்கள், மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள், ஏனென்றால் கம்பெனிக்கு நேரத்துக்குப் போயாக வேண்டும், கால் எப்படிப் போனாலும். எல்லோரும் ஒரே வேகத்தில் போனதால் முந்துவதும் இடிப்பதும் நின்றது. டீ சிந்தவில்லை. கம்பெனி வேன்காரன் ஓடி வராத பெண்களைப் பார்த்து, தாமதித்து, பிறகு நின்று காத்திருக்கக் கற்றுக்கொண்டான். போகையில் ஒரு செருப்பும் வருகையில் மற்றதும் தேய்ந்ததால் ஜோடி சரியாகத் தேய்ந்தது, செருப்புக்கடைக்காரனுக்குக் குறையில்லை. ஏட்டு ஒரு செயின் திருடனைத் துரத்தினார், திருடனும் எங்கள் தெருக்காரன்தான், இருவரும் இழுத்து இழுத்து ஓடியதில் இடையிலிருந்த தூரம் கூடவுமில்லை குறையவுமில்லை, கடைசியில் இருவரும் நாச்சிமுத்து கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போனார்கள். வெளித்தெரு ஆள் யாராவது விறுவிறுவென்று நடந்து வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் சிரித்தன. அவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு போனான்.

இதையெல்லாம் சன்னலிலிருந்து அவர் பார்த்தார். பார்த்தவருக்கு ஒன்றுதான் தோன்றியது: என்னைப் பழிப்புக் காட்டுகிறார்கள். ஊன்றுகோலை எடுத்தார், மாதக்கணக்காகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டினார், நேரே டீக்கடைக்குப் போய் கோலை ஓங்கினார்.

"ஏன்டா நாச்சிமுத்து, எவ்வளவு திமிரு இருந்தா என் மூஞ்சிக்கு நேரா என்னாட்டம் நடந்து காட்டுவ?"

"அட ஏனுங் மாமா, எனக்கு மட்டும் ஆசையா? நீங்களே பாருங்க." நாச்சிமுத்து பாய்லருக்குப் போய் வந்து காட்டினான். அன்வர் பாய் பட்டறைக்குப் போவதைக் காட்டினான். ஜெயக்கொடியை, ஏட்டை, கோயிலுக்குப் போகும் கூட்டத்தைக் காட்டினான். கோல் தானாக இறங்கியது.

"எல்லாருமா?"

"எல்லாருந்தானுங்க. உக்காருங்க, டீ ஆறுது."

உட்கார்ந்தார். குடித்தார். ஒரு கண்ணும் காலுக்குப் போகவில்லை, போனாலும் அங்கே பார்க்க என்ன இருக்கிறது, அதே கால்தானே எல்லோருக்கும். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் சவரம் செய்துகொண்டு போனார். மேற்கே நடக்கையில் இடது காலுக்கு ஓய்வு கிடைக்கிறது என்று குழந்தை மாதிரி வந்து சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று பனியனை மடித்துக்கொண்டிருந்தேன், ஒரே பனியனைத் திரும்பத் திரும்ப.

கண்டுபிடித்தது அன்வர் பாய். வீட்டு முன்னறையில் நான் வைத்திருக்கும் பனியன் கடைக்கு வந்தவர் கம்ப்யூட்டரில் தெரு ஓடுவதைப் பார்த்தார். நிறம் பார்த்தே வாழ்கிறவர், நிறத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? "ஒரே லாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் தெருவே என் கடை முன்னால் நின்றது, நாச்சிமுத்து முன்னால்.

"அக்கா, எங்க காலக் குடுத்துருங்க."

"உங்காலு உன் இடுப்புக்குக் கீழதான இருக்குது? நானா கழட்டி வச்சிருக்கேன்?"

"நடையச் சொல்றனுங்."

"நடைக்கு என்னடா கொறச்சல்? போன மாசம் பட்டறைக்கு டீ கொண்டு போறதுக்குள்ள பாதிய ரோட்டுக்கு ஊத்துவ. இப்ப ஒரு சொட்டு சிந்துதா?"

நாச்சிமுத்து யோசித்தான். "சிந்தறதில்லதானுங்க."

"ஜெயக்கொடி, நீ சொல்லு. வேன் நிக்குதா?"

"நிக்குதுங்க்கா."

"முன்ன நின்னுச்சா?"

"இல்லீங்."

"அப்புறம் எந்த வாயில வந்து கேக்கறீங்க?"

தினம் டீ ஓசி என்றார்கள். கோயில் நோன்பில் முதல் மாவிளக்கு என் வீட்டிலிருந்து என்றார்கள். அசையவில்லை நான். அன்வர் பாய்தான் கடைசியில் பேசினார், சத்தமில்லாமல்.

"வசந்தாக்கா, லாட்டுல ஒரு பீஸு பிசகுனா அது செகண்ட்ஸு. லாட்டு மொத்தமும் அதே மாதிரி பிசகுனா அதுக்குப் பேரு டிசைனு. அவர செகண்ட்ஸ் இல்லைன்னு ஆக்கறதுக்கு எங்க எல்லாரையும் பிசக்கிப் போட்டுட்டீங்க."

"ஆமா பாய். அதுக்கு என்ன இப்போ?"

கலைந்து போனார்கள், எல்லோரும் ஒரே மாதிரி, கிழக்கே போனவர்கள் இடது காலை இழுத்துக்கொண்டு, மேற்கே போனவர்கள் வலது காலை. ஜெயித்த பேரம் அது. தெருவைக் கால் வைத்துத் தாங்கிக்கொண்டிருப்பது என் வீட்டுக்காரர்தான் என்ற எண்ணத்தோடு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சோப்பு வாங்க மேற்குக் கோடிக்குப் போனேன். அங்கே கந்தவேலின் பெட்டிக்கடை. கந்தவேலுக்குப் பிறவியிலேயே கண்ணில்லை, ஆனால் ஆள் வரும்போதே, வாயைத் திறக்குமுன், அவரவருக்கு வேண்டியதை எடுத்துப் பலகையில் வைத்திருப்பான். காலடிச் சத்தம் போதும் அவனுக்கு. அன்றைக்குக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா" என்றான்.

"மாமா இல்ல, நான் வசந்தாமணி."

"அட, அக்காவா." தடவித் தடவி சோப்பை எடுத்தான். "இப்பெல்லாம் தெருவுல ஒரே ஆளுதானுங்க்கா நடக்கறாரு. விடிஞ்சதுலருந்து திருமூர்த்தி மாமாதான் வர்றாரு, அவரேதான் போறாரு. மத்தவங்கெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்ட மாதிரி இருக்குது."

நான் காசை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

"அதுகூடப் பரவால்லீங்க. நேத்து அவரு நெசமாலுமே வந்தாராமா. எத்தன மாசங்கழிச்சு வர்றாரு, வந்தா எந்திரிச்சுக் கையப் புடிக்கோணும்னு இருந்தேன். வந்தது அவருதான்னு தெரியாமயே தீப்பெட்டியக் குடுத்து அனுப்பிட்டேன்."

அவன் எதையும் கேட்கவில்லை. சோப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். எதிராளி ஒன்றும் கேட்காதபோது எந்தக் கொம்பனாலும் பேரம் பேச முடியாது. எல்லோரையும் அவராக்கி வைத்ததில் அவரையே தெருவில் தொலைத்திருக்கிறேன் என்பது, வலது காலை இழுத்து வந்த வழியில், இடது காலை இழுத்துத் திரும்பும்போது, வீடு வரும்வரை கூடவே வந்தது.

அன்றே சொல்லி அனுப்பினேன்: நடையைத் தருகிறேன், ஆனால் என் நிபந்தனைப்படி. பழைய நடையை இப்போது யாராலும் நடந்து காட்ட முடியாது; என் முன்னால் நின்று வாயால் சொன்னாலோ கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மூஞ்சி மாதிரி நடை கோணும். அதனால் ஒவ்வொருவராக வந்து, என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வர வேண்டும், பழைய நடை எப்படி என்று அவரிடம் சொல்லிக்கொண்டே, அவர் போதும் என்கிறவரை. நாச்சிமுத்து என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். "சரிங்க்கா, அதுவும் ஞாயந்தான்" என்றான். பேரம் என்றால் இரண்டு பக்கமும் எதையாவது வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும்.

கார்த்திகை முழுக்க நடந்தார்கள். நாச்சிமுத்து குதிகாலில் குதிப்பவன் என்று அவர்தான் நினைவுபடுத்தினார். ஜெயக்கொடி நடப்பதே இல்லை, பாதி ஓட்டம், டிபன் பை இடுப்பில் மோதும், அந்த மோதலுக்குத் தனியாகச் சதுரம் வைத்தேன். அன்வர் பாய் ஒரு கையை மட்டும் வீசுவார், மற்ற கை சாயக் கலர் அட்டையைப் பிடித்துப் பிடித்து மடங்கியே இருக்கும். இந்தத் தடவை கொசுறில்லை, புரட்டலுமில்லை. கிழக்குக்கு நாலு, மேற்குக்கு நாலு, ஆளாளுக்குத் தனித்தனியாக, முதுகு விட்டுப்போக வரைந்தேன். சேமிக்கச் சேமிக்க ஒவ்வொரு நடையாகத் தெருவுக்குத் திரும்பியது, ஒவ்வொரு பெயராகக் கந்தவேலின் பலகைக்குத் திரும்பியது. "பாய், இந்தாங்க மூக்குப்பொடி" என்ற குரல் மேற்குக் கோடியில் மறுபடி கேட்டது.

அவருடைய படத்துக்கு வந்தபோது கேட்டேன். "உங்களுக்கு மட்டும் புரட்டியே விட்டரட்டுங்களா மாமா? மேக்கால போகையில இடது காலு ஆறுமில்ல."

"வேண்டாம் புள்ள. வலது காலுக்கு இழுக்கத் தெரியல. இடதுதான் தேர்ந்தது."

அப்படியே வரைந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இனி தெருவில் அந்த நடை அவருக்கு மட்டும். மறுநாள் காலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ நேரம் வந்தது. கட்டிலிலிருந்து எழுந்தார், செருப்பைத் தேடினார். "அந்த ஏட்டு நேத்து ஒரு கதையப் பாதியில விட்டுட்டுப் போனான்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார்.

மார்கழி பிறந்தபின் ஒருநாள் வந்து நின்றார்.

"தெருவுல இன்னும் ஒரு ஆளு என்னாட்டமே நடக்குதாமா. கந்தவேலு சொல்றான்."

"நடந்துட்டுப் போகுது. எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல."

"எனக்குக் கொறையுது. எங்கால எதுக்கு நீ வச்சிருக்க? ஓசியில வாங்குனது ஒடம்புல ஒட்டாது புள்ள."

"வரையோணும்னா நான் நடக்கோணும். நான் நடந்தா யாரு வரையறது?"

"நீ நடக்க வேண்டாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "மாசக்கணக்கா சன்னல்ல உக்காந்து நான் வேற யாரப் பாத்துட்டிருந்தேன்?"

கார்த்திகை முழுக்க என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார், சாயத் தொட்டியும் தெரிந்திருந்தது, கட்டமும் தெரிந்திருந்தது. வண்டி ஓட்டிய கை, சதுரத்தைக் கியர் மாதிரி அழுத்தி வைத்தது. நான் லாட்டுப் பிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"நடைக்கு நாலு படம் போதும். எதுக்கு அஞ்சு? சதுரம் என்ன சும்மாவா வருது?"

"இந்த நடைக்கு அஞ்சு."

எழுந்து போய்ப் பார்த்தேன். அரக்குச் சேலை, தலையில் மூட்டை, முன்னே பாய்கிற கால், எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்ளும்படியான தோள். நாலும் நான்தான், மறுக்க முடியாது. ஐந்தாவதில் கால் அந்தரத்தில் நின்றது, முகம் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"இது யாரு?"

"நீதான்."

"நான் எங்க திரும்பிப் பாத்தேன்? எந்த மேனேஜரையாச்சும் கேட்டுப் பாருங்க. இந்த வசந்தாமணி நடந்தா திரும்பிப் பாத்த சரித்திரம் உண்டா?"

"மேனேஜருக்கென்ன தெரியும்" என்றார். "நான் சன்னல்ல இருந்து பாத்தவன்." சேமிக்கும் பொத்தானை அழுத்தினார்.

சண்டை போட நேரமில்லை. கோயம்புத்தூர் பார்ட்டிக்கு மூட்டை போக வேண்டும். தலையில் ஏற்றிக்கொண்டு மேற்கே இறங்கினேன், கால் இறகாக வந்தது, ஒன்றும் இழுக்கவில்லை, நாச்சிமுத்து டம்ளரோடு ஒதுங்கினான், அன்வர் பாய் சிரித்ததைப் பார்க்காத மாதிரி தாண்டினேன். கந்தவேலின் கடைக்கு நாலு வீடு இருக்கும்போதே அவன் சோப்பை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டான்.

"வாங்க்கா."

"நான்தான்னு எப்படிடா சொல்ற?"

"வேற யாருங்க? வெசையா வரும், தண்ணித் தொட்டியத் தாண்டுனதும் ஒரு அடி தப்பும். மாசக்கணக்கா அங்கதான தப்புது."

தண்ணித் தொட்டியைத் தாண்டினால் வளைவு. அதற்கப்புறம் என் வீட்டுச் சன்னல் தெரியாது.

"ஒரு அடியும் தப்பாது, போடா" என்று சோப்பை இடுப்பில் செருகினேன். அப்போது பின்னாலிருந்து, வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு கால் தரையைத் தேய்த்துத் தேய்த்து வரும் சத்தம் கேட்டது. தெருவில் அந்தச் சத்தம் இப்போது ஒருவருக்குத்தான்.

கந்தவேல் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான், கையை முன்னால் நீட்டி. "மாமா வர்றாரு" என்றான்.

எனக்குத் தெரியாதா. நான் திரும்பவில்லை, திரும்பிப் பார்க்க வேண்டியதைத் தண்ணித் தொட்டி பக்கத்திலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.